கொழுந்துத் தராசும் வாய்பாடும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவையைக் கடந்ததும் வருவது இறம்பொடை. நூற்றியொன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்காக அங்கே வாகனத்தை நிறுத்துகிறவர்கள் அநேகர். நீர்வீழ்ச்சிக்கு மேலும் கீழும் தேயிலைச் சரிவுகள், சரிவுகளுக்கிடையே லயங்கள், லயங்களுக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கூரை போட்ட ஒற்றை மண்டபமாக ஒரு பள்ளிக்கூடம். இறம்பொடையில் மட்டுமல்ல, அட்டன், தலவாக்கலை, பூண்டுலோயா எங்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் நெடுங்காலம் இந்த உருவந்தான். காலையில் அந்தப் பக்கம் நடந்து போனவர்களின் காதில் முதலில் விழுந்தது பிள்ளைகள் கூட்டாகச் சொல்லும் பெருக்கல் வாய்பாடு. ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு, நாலெட்டு முப்பத்திரண்டு...

இலக்கியத் தொடரில் வாய்பாட்டுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று யாப்பிலக்கணகாரர் சீர்களை அளக்க வைத்துக்கொண்ட அச்சுக்களுக்கும் வாய்பாடு என்றுதான் பெயர். செய்யுளை அளக்கிற கருவிக்கும் நெல்லை அளக்கிற கருவிக்கும் தமிழர் ஒரே சொல்லை வைத்தார்கள். இரண்டும் ஏட்டைப் பாராமல் வாயால் சொல்லி மனத்தில் இருத்தப்பட்டவை. ஆகவே வாய்பாட்டின் கதை தமிழ்க் கல்வியின் கதை; மலையகத்தைப் பொறுத்தவரை அது கூலிக் கணக்கின் கதையுங்கூட.

பழைய தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை அரிச்சுவடியோடு எண்சுவடியையும் படித்தது. எண்சுவடி இன்று அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையில் அச்சிடப்படும் வாய்பாட்டைப் போன்று சின்னதல்ல. முழு எண்களின் பெருக்கம் அதன் ஒரு பகுதி மாத்திரமே. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று கீழிறங்கி முந்திரி வரை செல்லும் பின்னங்களுக்கும் தனித்தனி வாய்பாடு உண்டு. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அந்த முந்திரியையும் மீண்டும் முந்நூற்றிருபதாகப் பிரித்துக் கீழ்முந்திரி என்றார்கள். நெல்லை அளப்பதற்கு ஒன்று, பொன்னை நிறுப்பதற்கு ஒன்று, நிலத்தின் குழியைக் கணக்கிடுவதற்கு ஒன்று என்று சுவடிகள் பிரிந்தன. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. பின்னரே ஓலைக்கு வந்தது. சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொன்னார்கள்.

இதை வெறும் மனனம் என்று ஒதுக்கிவிடுவது இன்று நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. திண்ணைப் பிள்ளை மனனம் செய்தது உண்மை. ஆனால் மனனம் செய்தது அந்த ஊர்க் களத்துமேட்டில் அன்றாடம் அளக்கப்பட்ட நெல்லின் கணக்கு. மாலையில் வீட்டுக்குப் போனால் மரக்காலும் படியும் கண்முன்னே இருந்தன. சொன்ன வாய்பாட்டுக்குப் பொருள் ஊரில் இருந்தது.

சட்டாம்பிள்ளை முறைக்கு ஒரு வெளிநாட்டுப் பயணமும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் விடுதியிலும் அதனைப் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அங்கே அது சென்னை முறை என்றே பெயர் பெற்று, ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் அதற்குச் சமமான முறையொன்றைத் தாமே கண்டதாகச் சொல்ல, இருவரின் ஆதரவாளர்களும் மோதிக்கொண்டார்கள். பிற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்புகளை ஒரே மண்டபத்தில் வைத்து மேய்க்க நேர்ந்தபோது, அவரும் வேறு வழியின்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி இரண்டாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லவைத்தார். அதற்கு எந்தப் பெயரும் சூட்டப்படவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிவிடுவது வழக்கம். 1869இல் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. அடுத்த இருபதாண்டுக்குள் அந்தத் தொழில் அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். குடும்பங்களாக வந்து லயங்களில் தங்கினார்கள். தோட்டத்தில் பிள்ளைகள் என்றொரு கூட்டம் நிரந்தரமாக உருவானது அப்போதுதான். கோப்பி நிலைத்திருந்தால் தோட்டப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று இவ்வளவு பரவலாக வந்திருக்குமோ என்பது ஐயமே.

வந்தவர்கள் எண்சுவடியையும் கூடவே கொண்டுவந்தார்களா? இங்கேதான் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. வந்தவர்களில் கணிசமானோர் ஊரில் திண்ணையில் ஏறி உட்கார அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்தவர்கள். எண்சுவடி அவர்களுடைய பிள்ளைகளுக்கு எட்டாத பொருள். கணக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகளும் கணக்கப்பிள்ளைமாருமே. கிராமத்தில் நிலவரிக் கணக்கை வைத்திருந்தவருக்குரிய பெயர், தோட்டத்தில் மலைக்கு மலை வேலை மேற்பார்க்கிறவருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் மாற்றத்தைக் கொஞ்சம் நின்று யோசித்தால், கணக்கு யார் கையில் இருந்தது என்பது விளங்கும்.

தொழிலாளியின் வாழ்வோ முற்றிலும் கணக்காலேயே பின்னப்பட்டிருந்தது. கப்பலுக்கும் வழிச்செலவுக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத் துண்டு என்று பெயர். துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒரு குடும்பத்தின் நடமாட்டம் அதனால் வாசிக்க முடியாத ஒரு தாளில், அதனால் சரிபார்க்க முடியாத ஒரு தொகையில் அடங்கியிருந்தது. காலையில் பிரட்டுக்களம், அங்கே பேர் போடுவார்கள். நாள் முழுவதும் நின்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் விழுந்த பேர்களைக் கூட்டிக் கூலியால் பெருக்கினால் மாதச் சம்பளம். அதிலிருந்து அரிசி, கம்பளி என்று கழிவுகள். கொழுந்து நிறுக்கும்போது கூடையின் பாரத்துக்கும் ஈரத்துக்கும் என்று இறாத்தல் கணக்கில் கழித்தது வேறு.

நாணயத்திலும் ஒரு வேற்றுமை இருந்தது. தமிழகத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா. அது 1957 வரை நீடித்தது. மாகாணி வாய்பாடு அங்கே சந்தைக்கு உதவியது இதனால்தான். இலங்கையிலோ 1872இலேயே ரூபாய் நூறு சதமாகிவிட்டது. திருச்சியிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்தவருக்கு அணாக் கணக்கு ஓரளவு பழகியிருந்தாலும், இங்கே அது செல்லாக் கணக்கு. தோட்டப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது பத்தாம் வாய்பாடு வரையிலான சுத்தமான பெருக்கம்.

ஓர் உதாரணத்தைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் கூலி உண்டு என்பதைக் கவனியுங்கள். வாய்பாடு சொல்லவேண்டிய வயதில் அதுவும் செக்ரோலில் ஒரு பேர். ஒரு மாதத்தில் மூவரும் இருபத்துநான்கு பேர் போட்டார்கள் என்று வைப்போம். தகப்பனுக்கு 12 ரூபாய் 96 சதம். தாய்க்கு 10 ரூபாய் 32 சதம். பிள்ளைக்கு 7 ரூபாய் 68 சதம். வீட்டுக்கு வரவேண்டியது 30 ரூபாய் 96 சதம். ஐம்பத்துநாலை இருபதால் பெருக்கி, பிறகு நாலால் பெருக்கிக் கூட்டத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். சம்பள நாளில் அந்தக் குடும்பம் கைநீட்டி வாங்கியதை எண்ணிப் பார்க்க முடியும். தாய்க்கு ஒரு நாள் அரைப்பேர் விழுந்தால் இருபத்தொன்றரைச் சதம். அரைச் சத நாணயமும் அக்காலத்தில் புழக்கத்தில் இருந்தது; ஆகவே அந்த அரையையும் கேட்டு வாங்க உரிமை உண்டு. கேட்பதற்கு முதலில் அது இருக்கிறதென்று தெரிய வேண்டுமே.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் முயற்சி மிஷனரிமாரோடு தொடங்கியது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் சில பள்ளிகளை நடத்தியது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை மேலும் வலுப்படுத்தியது. வாசிப்பு, எழுத்து, கணக்கு. இவ்வளவே பாடத்திட்டத்தின் சாரம். துரைமாரிற் பலர் இதற்குமேல் போனால் மண்வெட்டி பிடிக்க ஆளிராது என்று அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியது வாசிப்புக்கும் ஆங்கிலத்துக்கும். வாய்பாடு ஆபத்தில்லாத பாடமாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். செக்ரோலைத் தொடக்கூடிய ஒரே பாடம் அதுதான் என்பது கண்ணில் படவில்லை போலும்!

சட்டம் ஒன்றாகவும் மண்டபம் வேறாகவும் இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அருமை. வாத்தியாராக இருந்தவரே தோட்டத்தில் வேறு வேலையும் பார்த்தது உண்டு. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை எல்லாரும் ஒரே கூரையின் கீழ். ஒரு வகுப்பு வாசிக்க, மறுவகுப்பு எழுத, மூன்றாவது வகுப்பு வாய்பாடு சொல்லும். வாய்பாட்டுக்குக் கொப்பி வேண்டாம், சிலேட்டு வேண்டாம், ஆசிரியர் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். வறிய பள்ளிக்கூடத்துக்கு இதைவிட மலிவான பாடம் ஏது? கூட்டாகச் சொல்லும்போது வாயை மாத்திரம் அசைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை எவரும் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்படி வாயசைத்தே ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

இறம்பொடையைச் சொல்லும்போது வேவண்டன் தோட்டத்தைச் சொல்லாமல் விடமுடியாது. பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராகி நாடறிந்த சௌமியமூர்த்தி தொண்டமான், 1924இல் பதினொரு வயதுப் பையனாகத் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்தது இந்தத் தோட்டத்துக்குத்தான். அவருடைய தந்தையார் கருப்பையா, கங்காணியாக உயர்ந்து தோட்டத்தையே வாங்கியவர். மகன் கம்பளை சென் அன்ட்ரூஸ் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். அதே மலையில் லயத்துப் பிள்ளைக்கு இருந்த வழி ஐந்தாம் வகுப்போடு முடிந்து, கொழுந்துக்கூடையிலும் மண்வெட்டியிலும் போய் நின்றது. ஒரே மலை, ஒரே நீர்வீழ்ச்சி. கணக்குப் படித்த குடும்பத்துக்கும் படியாத குடும்பத்துக்கும் இடையில் இருந்த தூரம் இவ்வளவு.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது; அதன் பயன் தோட்டப் பள்ளியின் வாசலுக்குள் நுழையவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவனின் பள்ளிக்கூடத்தை யார் கவனிப்பார்? 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே பள்ளிகளும் கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டிடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர், யுவதிகளே ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். கொட்டகலை பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. லயத்திலே பிறந்த ஒருத்தி, லயத்துப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் நிலை மலையகத்தின் வரலாற்றில் சின்ன மாற்றமன்று.

அந்த ஆசிரியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். பழைய முறையில் வந்த பிள்ளையை நிறுத்தி ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஓரெட்டு எட்டிலிருந்து தொடங்கிப் படியேறித்தான் ஐம்பத்தாறுக்கு வரும். இடையில் தும்மினால் மீண்டும் முதலிலிருந்து. அது பாட்டின் குணம். பத்துப் பத்தாக நூறு பெருக்கங்கள் இருப்பதாகப் பிள்ளை மலைக்கிறது. உண்மையில் நாலேழும் ஏழுநாலும் ஒன்றே என்று கண்டுகொண்டால் நூறு ஐம்பத்தைந்தாகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை சேர்ந்தவற்றைப் பிள்ளை விளையாட்டாகவே அறிந்துகொள்ளும்; அவற்றை நீக்கினால் மிச்சம் இருபத்தொன்று. மூமூன்று, எட்டெட்டு போன்ற சமன்களை நீக்கினால் பதினைந்து. ஒன்பதாம் வாய்பாட்டில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதே வரும் என்ற சூட்சுமத்தைக் காட்டிவிட்டால், உண்மையாகவே மனத்தில் குத்திவைக்க வேண்டியவை பத்து. பத்தே பத்து! ஏழெட்டு அவற்றிலொன்று, அதற்குத் தப்ப வழியில்லை.

நாலேழும் ஏழுநாலும் ஒன்று என்பதை நிரூபிக்கத் தோட்டத்துப் பிள்ளைக்குப் புத்தகம் தேவையில்லை. தாய் கொழுந்தெடுக்கும் நிரை வாசலிலேயே இருக்கிறது. நிரைக்கு ஏழு செடியாக நாலு நிரையை மேட்டிலிருந்து எண்ணினாலும், பக்கவாட்டில் நின்று எண்ணினாலும் இருபத்தெட்டுச் செடிதான். வகுப்பு உயர்ந்தால் இன்னும் சொல்லலாம்: ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, நாலடிக்கு மூன்றடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 3,630 செடி. இறம்பொடைச் சரிவில் நிரை இவ்வளவு நேராக ஓடாது, வளைந்துதான் ஓடும் என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு விளங்கிவிட்டது என்று கொள்க. கைவிரலும் நல்ல கருவி. பெருவிரலை விட்டு நாலு விரலுக்கும் மும்மூன்று கணு. கிழவிகள் எண்ணுகிற மாதிரி எண்ணினால் மூன்றாம் வாய்பாடு பன்னிரண்டு வரை கையிலேயே இருக்கிறது.

தமிழ் மொழியே இதில் பிள்ளைக்கு உதவுகிறது. ஓர், ஈர், மூ என்று எண்ணுப்பெயர் குறுகி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஓசை தானாக வந்துவிடுகிறது; முப்பத்திரண்டு என்ற சொல் மூன்று பத்தும் இரண்டும் என்று தன்னைத் தானே விளக்குகிறது. ஒரே இடத்தில்தான் மொழி காலை வாரும். எட்டுப்பத்து எண்பது, ஒன்பது பத்து மாத்திரம் தொண்ணூறு. நூறு என்ற ஓசை அங்கே எங்கிருந்து முளைத்தது என்று சின்னப்பிள்ளை திகைப்பதில் வியப்பில்லை. மொழி நூலார் அதற்கு விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை உதவா. தொண்ணூறைத் தனியாகச் சொல்லிப் பழக்குவதே வழி.

தொண்ணூறுகளின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் மனனத்தைக் குறைத்து விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்வைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் செயற்பாட்டு அட்டைகளும் மணிகளும் போதிய ஆசிரியரும் இல்லாத மலைப் பள்ளியில் மனனத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் எதையும் வைக்காவிட்டால், பிள்ளைக்கு ஓசையும் இல்லை, பொருளும் இல்லை. இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்: முதலில் நிரையை எண்ணட்டும், பிறகு பாடட்டும், அதன்பின் இடையில் நிறுத்திக் கேட்போம்.

நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் அது கிடைத்தது. ஐம்பத்துநாலு சதத்தை இருபத்துநாலு நாளால் பெருக்கத் திணறிய காலம்போய், ஆயிரத்தைப் பெருக்குவதற்குச் சைபர் போடத் தெரிந்தாலே போதும் என்றாகியது. ஆனால் கணக்கு அதோடு எளிதாகிவிடவில்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று பல தோட்டங்களில் நிர்ணயம் உயர்ந்தது. குறைந்தால் அரைப்பேர், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. ஆகவே மாலையில் தராசடியில் தாயின் கையில் கிடைக்கும் சிட்டையில் நிறை ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம், பேர் ஒரு பக்கம். லயத்துக்கு வந்ததும் அவள் அதைப் பள்ளிக்கூடம் போகும் மகளிடந்தான் நீட்டுகிறாள்.